முழுப்பேரு சில்வண்டு

எங்கள் ஊர்ப் பாலத்தில் பொன்மணி நெல் ஏற்றிய லாரி கவிழ்ந்து, வாய்க்கால் முழுக்க நெல்லாகப் போன வருஷம் அது. ஊர் வாத்துகள் தின்று தின்று கரையேற முடியாமல் தண்ணீரிலேயே கிடந்தன. ஆண்டு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். மழைக்குக்கூட பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான். வாத்து கொழுத்த வருஷம் என்று சொன்னால் குடவாசல் பக்கம் என் வயசுக்காரர்களுக்கு விளங்கும். அந்த வருஷம்தான் மைக்செட்டுக்குப் பேத்தி பிறந்தாள்.

மைக்செட்டு யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் செத்தாரா இல்லையா என்று முடிவு செய்தது டாக்டர் இல்லை, எமனும் இல்லை. மைக்செட்டுதான். மூச்சு நின்றுவிட்டது, உடம்பு சில்லிட்டுவிட்டது, பொண்டாட்டி அழுகிறாள், எல்லாம் சரி. மைக்செட்டு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வருகிற வரைக்கும் அது செல்லாது. அதுவரை அந்த ஆள் சும்மா படுத்திருக்கிறார் என்றுதான் கணக்கு.

ஆட்டோ என்னுடையது. ஓட்டுவது நான், பேசுவது அவன். பின்சீட்டில் பேட்டரியையும் ஆம்ப்ளிஃபயரையும் வைத்து, நடுவில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். துக்கம் சொல்லும்போது அவன் குரலில் வரும் கரகரப்பு இருக்கிறதே, செத்தவருடைய சொந்தப் பிள்ளைக்குக்கூட வராது. சொல்லி முடித்து சுவிட்சை அணைத்ததும், "மாப்ள, அந்த முக்குல பஜ்ஜி போடுறான், நிறுத்து" என்பான். அவ்வளவு துக்கம்.

அவன் வீடு மாதா கோயில் தெருவில். அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேளாங்கண்ணி ரொம்பத் தூரம் இல்லை. பிள்ளை வேண்டும் என்றால் அங்கே போவார்கள், பிறந்தால் ஆரோக்கிய மாதா பேரை வைப்பார்கள். நியாயம்தான். ஆனால் எல்லாரும் போனார்கள், எல்லாருக்கும் பிறந்தது. அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் ஆரோக்கியசாமி, மீதிப் பேர் ஆரோக்கியமேரி. கல்யாணப் பத்திரிகை வருகிற சீசனில் தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி நிற்பார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு பட்டப்பேர் வைத்துவிட்டது. ஓசிபீடி, முட்டைபோண்டா, ரெண்டாம் ஆட்டம், பஞ்சர். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் கல்லறையில் வெட்டுவதற்கு. ஊர் வைத்த பேர் உயிரோடு இருப்பதற்கு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், கல்லறைக்கும் உயிருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு நாளில். ஒரு ஆரோக்கியசாமி செத்துப்போனார். மைக்செட்டு பதவிசாக, "மாதா கோயில் தெரு ஆரோக்கியசாமி அவர்கள் இறைவனடி சேர்ந்தார்" என்று எல்லா ஊரிலும் சொல்லிவிட்டு வந்தான். சாயந்திரம் ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். இறங்கியது வேறு ஆரோக்கியசாமி வீட்டில். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் வாட்ச்மேன், ஊரில் பேர் முட்டைபோண்டா. வாசலில் உட்கார்ந்து பழையசோறும் சுண்டவற்றலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவருடைய மாமனார் ஊர்க்காரர்கள். அழுதுகொண்டே வந்த பொம்பிளைகள் அவரைப் பார்த்ததும் நின்றார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இல்லை. அறுவடை நாளில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறோம், இந்த ஆள் உட்கார்ந்து வற்றல் கடிக்கிறானே என்று முகம் சுளித்தார்கள். வந்ததற்கு டீயாவது போடச் சொல்லி ஒரு பெரியவர் கேட்டாராம்.

முட்டைபோண்டா நேராக மைக்செட்டிடம் வந்தார். உயிரோடு இருப்பவனைக் கொன்றுவிட்டாயே என்று சண்டை. மைக்செட்டு அசரவில்லை.

"ஏண்ணே கோவிச்சுக்கிற? யார் யாரு அழுவுறா, யாரு சும்மா மூக்க சிந்துறான்னு இப்பவே பாத்துக்கிட்டீல்ல. எத்தன பேருக்குக் கெடைக்கும் இது?"

முட்டைபோண்டா கொஞ்ச நேரம் யோசித்தார். அதற்குப் பிறகு சின்ன மச்சானோடு அவர் பேசுவதே இல்லை.

அன்றிலிருந்து மைக்செட்டு ஒரு முடிவுக்கு வந்தான். இனிமேல் யார் செத்தாலும் பட்டப்பேரோடுதான் சொல்வது. அடுத்து செத்தது ஓசிபீடி. "துயரச் செய்தி. ஓசிபீடி ஆரோக்கியசாமி அவர்கள்..." என்று எட்டூருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். பிள்ளைகள் இரண்டு பேர் ஆட்டோவை மறித்து, குழாயைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டார்கள். செத்த பிறகும் எங்கப்பாவுக்கு இந்தப் பேரா என்று கேட்டார்கள். ஆனால் அந்த அடக்கத்துக்கு வந்த கூட்டம் இருக்கிறதே, தேர் பவனிக்குக்கூட அப்படி வந்ததில்லை. அந்த மனுஷனுக்கு என்றைக்காவது பீடி கொடுத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பெட்டியில் ஆளுக்கு ஒரு பீடி போட்டார்கள். பிள்ளைகளே மறுநாள் இறங்கிக் குழாயைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

ஊர்ப் பெரிய மனுஷர்கள் கூடி ஒரு சமரசம் செய்தார்கள். நல்ல பேரைச் சத்தமாகவும் பட்டப்பேரை மெதுவாகவும் சொல்ல வேண்டுமாம். குழாய் ரேடியோவில் மெதுவாக. பெரிய மனுஷர்கள் என்றால் சும்மாவா.

இப்போது அவன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் ஆரோக்கியமேரிதான். தலையில் கூடையோடு நன்னிலம் பக்கம் வரைக்கும் போய்க் கருவாடு விற்பாள். கருவாட்டம்மா என்றால் அத்தனை ஊரிலும் தெரியும். நெத்திலி வாங்க வந்தவளிடம் மாமியார் சண்டையைத் தீர்த்துவைப்பாள். சென்னாகுனி இறால் கேட்டவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுப்பாள். கருவாடு விற்றுவிட்டு வருகிறாளா, பஞ்சாயத்து பண்ணிவிட்டு வருகிறாளா என்று மைக்செட்டுக்கே தெரியாது.

ஒரு நாள் வெயிலில் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அவளுடைய அண்ணன் பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர். வந்து இறங்கியதும் மைக்செட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நாளிலாவது என் தங்கச்சியை மரியாதையாகச் சொல்லுங்கள், கருவாடு கருவாடு என்று ஏலம் விடாதீர்கள் என்றார். மைக்செட்டு தலையை ஆட்டினான். வேறு ஆளை வைத்துச் சொல்லச் சொன்னேன், கேட்கவில்லை. அவனே ஏறி உட்கார்ந்தான். "மாதா கோயில் தெரு திரு ஆரோக்கியசாமி அவர்களின் மனைவி திருமதி ஆரோக்கியமேரி அம்மாள் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்." ஆமாம், அவன் பேரும் அதுதான். அவள் கூடை தூக்கிப் போன அத்தனை ஊருக்கும் ஆட்டோவை விட்டேன். ஒரு வாசலிலும் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்குச் சொந்தக்காரர்கள் மட்டும் வந்தார்கள். மரியாதையாக நடந்தது.

இதற்கு அடுத்த வருஷம்தான் வாத்து கொழுத்தது. அவன் ஒரே மகள் ஃபிலோவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டாள். ஆண் என்றால் ஆரோக்கியசாமி, பெண் என்றால் ஆரோக்கியமேரி. பெண்ணாகப் பிறந்தது. மாதாவுக்குச் சொன்ன பேர், செத்துப்போன அம்மா பேர், இரண்டும் ஒன்று. ஃபிலோ அழுதுகொண்டே சிரித்தாள்.

குழந்தை குறைமாசம். உள்ளங்கை அளவு. ஆனால் அழுகை இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது கிழிந்தது. பிரசவம் பார்த்த ஆயா, "என்னடி இது, சில்வண்டாட்டம்" என்றாள். அவள் சொன்னதுதான் தாமதம், வார்டு முழுக்க சில்வண்டு என்றது. நாங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. சில்வண்டு வந்துட்டா, சில்வண்டு வந்துட்டா என்று வாசலுக்கு வாசல் எட்டிப் பார்த்தார்கள்.

மைக்செட்டு அங்கேயே முடிவு பண்ணிவிட்டான். பேர் வைத்தாகிவிட்டது. இதுதான் முழுப்பேர். முன்னாலும் ஒன்றும் கிடையாது, பின்னாலும் ஒன்றும் கிடையாது.

ஃபிலோ விளையாட்டு என்று நினைத்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் அப்பா நிஜமாகச் சொல்கிறார் என்று புரிந்தது. அதிலிருந்து அவனுக்குச் சோற்றுத் தட்டு வைக்கிற சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை நல்ல மனுஷன். மாமா சொன்னாலும் சரி, ஃபிலோ சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். வயலில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை.

மைக்செட்டு சும்மா இருக்கிற ஆளா? குழாயைக் கட்டியதும் எல்லாரும் ஹலோ ஹலோ மைக் டெஸ்ட் என்றுதானே சொல்வார்கள்? இவன், "சில்வண்டு, சில்வண்டு, சில்வண்டு" என்று சொல்லிச் சரிபார்ப்பான். அதற்கப்புறம்தான் துயரச் செய்தி. பிணம் விழுந்த வீட்டு வாசலில் நின்று இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். என்னை ஏன் யாரும் அடிக்கவில்லை என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளில், ஆட்டோ போகிற ஊரில் எல்லாம் களையெடுக்கிற பொம்பிளைகள் நிமிர்ந்து, சில்வண்டு எப்படி இருக்கா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். செத்தவர் யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே.

ஒரு நாள் சாயந்திரம் மகளுக்கு நிரூபித்துக் காட்டுகிறேன் என்று தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். மைக்கில், "ஆரோக்கியமேரி, கொஞ்சம் வெளிய வாங்க" என்றான். அவ்வளவுதான். தோசைக் கரண்டியோடு ஒருத்தி, முகத்தில் சோப்போடு ஒருத்தி, பாதி கட்டிய சேலையோடு ஒருத்தி, தெருவே வெளியில் வந்துவிட்டது. என்ன ஏது என்று தெரிந்ததும் அவர்கள் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். அவன் அசராமல் அடுத்தது, "சில்வண்டு" என்றான். வீட்டுக்குள்ளே தூளியில் இருந்து வீல் என்று ஒரு சத்தம்.

"பாத்தியா?" என்றான் மகளிடம்.

"பசிக்கு அழுவுது" என்றாள் ஃபிலோ. பிறகு குரலை இறக்கி, "அம்மா பேர வைக்கக் கூடாதுங்கிறீங்க. அம்மா மேல உங்களுக்கு என்னப்பா அவ்வளவு வெறுப்பு?" என்று கேட்டாள்.

மைக்செட்டு கையில் மைக் இருந்தது, சுவிட்சும் போட்டிருந்தது. குழாய் மட்டும் உய் என்று இரைந்தது.

விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. அவர் அப்போதுதான் எங்கள் பங்குக்கு வந்திருந்தார். நிறையப் படித்தவர், பாவம்.

"சில்வண்டுன்னு ஒரு புனிதர் இருக்காரா?" என்று கேட்டார்.

"சாமி, அந்தோணியாருக்கு முன்னாடி அந்தோணியார்னு யாரு இருந்தா?"

"இருந்தாரு. எகிப்துல."

எகிப்தை மைக்செட்டு எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் திணறிப்போய், "அவருக்கு முன்னாடி?" என்றான்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி புனிதர் பேர்தான் வேண்டும் என்று இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு விரோதமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். சில்வண்டு விரோதமா என்று அவரே தனக்குள் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியில், "நீ பாட்டன். பேரு சொல்ல வேண்டியவங்க பெத்தவங்க. ஞாயித்துக்கிழமை தாய் வாயில என்ன பேரு வருதோ, அந்தப் பேருக்குத் தண்ணி ஊத்துவேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத" என்று அனுப்பிவிட்டார்.

ஆக, எல்லாம் ஃபிலோ வாயில். அவளோ அப்பா முகத்தையே பார்ப்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம். நாளைக்கு ஞானஸ்நானம், தெருவில் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தோம். கையில் ஒயர் கூடையோடு ஒரு பொம்பிளை வந்தாள். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த முகம். கருவாட்டம்மா வீடு எது என்று கேட்டாள். நான்தான் காட்டினேன். ஃபிலோ பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள்.

"அம்மா இல்லீங்களா? ஒரு வருசமா வரவே இல்ல. எம்மேல ஏதாச்சும் வருத்தமான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

அம்மா இறந்துவிட்டாள் என்றும், ஊர் ஊராக ரேடியோ கட்டிச் சொன்னோமே, உங்கள் ஊருக்கும் வந்ததே என்றும் ஃபிலோ சொன்னாள். அந்தப் பொம்பிளை கூடையைக் கீழே வைத்தாள்.

"வந்துச்சும்மா. நான் களத்துல நெல்லு தூத்திக்கிட்டு இருந்தேன். ஆரோக்கியமேரின்னாங்க. யாரு பெத்த மவளோன்னு நெனச்சுக்கிட்டு தூத்திக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எம் மவ பிரசவத்துக்குப் பக்கத்துலயே கெடந்த மனுசி. ஒரு பிடி மண்ணு போட வரலையே நான்."

அதற்கப்புறம் அவள் அழுதது துக்கம் விசாரிக்கிற அழுகை இல்லை. அன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுதாள். ஃபிலோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அந்தப் பொம்பிளை குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, பேர் என்ன என்று கேட்டாள். மைக்செட்டு வீட்டுக்குப் பின்னால் குழாய்க்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். பிரஷ் கையிலேயே இருந்தது, அடிக்கவில்லை.

மறுநாள் கோயிலில் நான் கதவோரமாக நின்றேன். நமக்கு அந்தப் பூசையெல்லாம் தெரியாது, ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். சாமியார் சுத்தமான தமிழில், "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?" என்று கேட்டார். மாப்பிள்ளை மேலே விட்டத்தைப் பார்த்தார். மைக்செட்டு தரையைப் பார்த்தான்.

"சில்வண்டு" என்றாள் ஃபிலோ.

சாமியாருக்கே தூக்கிவாரிப் போட்டது. சுத்தத் தமிழை விட்டுவிட்டு, "முழுப்பேரு சொல்லும்மா" என்றார்.

"அதான் சாமி முழுப்பேரு."

"மாதாவுக்கு நேர்ந்துகிட்டதா சொன்னியே."

"மாதாகிட்ட நான் பேசிக்கிறேன் சாமி. அவங்களுக்கே வேளாங்கண்ணியில ஒரு பேரு, பூண்டியில ஒரு பேரு. எந்தப் பேரச் சொல்லி அழுதாலும் வராங்கல்ல. கோவிச்சுக்க மாட்டாங்க."

சாமியார் தண்ணீரை ஊற்றினார். குழந்தை போட்ட சத்தத்தில் விட்டத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின. வெளியில் வந்ததும் மைக்செட்டு ஆட்டோவில் ஏறி மைக்கைக் கையில் எடுத்தான். ஊருக்கு நல்ல சேதி சொல்லப்போகிறான், வாழ்க்கையில் முதல்தடவை என்று நானும் வண்டியை எடுத்தேன். தெருக்கோடி வரைக்கும் போனோம். அவனுக்குக் குரல் வரவில்லை. பஜ்ஜிக் கடையில் நிறுத்தினேன், அதையும் வேண்டாம் என்றுவிட்டான்.

அதற்கப்புறம் அந்தப் பெண் பட்ட பாடு தனிக்கதை. பள்ளிக்கூடத்தில் முழுப்பேர் கேட்டார்கள். பேங்கில் கேட்டார்கள். ஆதார் எடுக்கிற இடத்தில் ஒரு பையன், வீட்டில் கூப்பிடுகிற பேர் வேண்டாம் என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தான். எல்லாருக்கும் அவள் அம்மா சொன்ன பதிலையே சொன்னாள். இப்போது தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். சிஸ்டர் சில்வண்டு என்று கூப்பிட டாக்டர்களுக்கு வாய் கூசுகிறதாம். பிள்ளை பெற்றுக்கொண்டு போகிறவர்கள் டாக்டர் பேரை வாசலிலேயே மறந்துவிடுகிறார்கள். இவள் பேரை மறந்தவர்கள் யாரும் இல்லை.

ஈஸ்டர் கழித்து அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சீர்காழிப் பையன். பத்திரிகையில் கௌரவமாக ஒரு பேர் போட்டு, இதை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளலாமே என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டாராம். ஃபிலோ அவருக்குக் காபித் தட்டு வைத்த சத்தத்தில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

போன வாரம் மைக்செட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தொண்டையில் என்னவோ வந்து ஆபரேஷன் பண்ணி, குரலை எடுத்துவிட்டார்கள். எத்தனையோ பேருக்காகக் கரகரத்த குரல். என்னைப் பார்த்ததும் பத்திரிகையைக் காட்டினான். பிறகு என் கையைப் பிடித்து, மைக் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கி, என் வாய்க்கு நேராகவே கொண்டுவந்து வைத்தான். புரிந்தது. எனக்குக் கரகரப்பெல்லாம் வராதடா என்றேன். பரவாயில்லை என்று தலையாட்டினான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு மறுப்பதற்கு நான் என்ன கல்லா?

அதனால் சொல்கிறேன். மாதா கோயில் தெரு கருவாட்டம்மா பேத்தி சில்வண்டுக்குக் கல்யாணம். குடவாசல், நன்னிலம் பக்கம் உங்களுக்கு யாரைத் தெரிந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று சொன்னால் போதாது. வயலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.